வராத வருஷத்து வனம்

1792-ஆம் வருஷம் மே மாதத்தில், காணாமற்போன லா பெரூஸ் என்னும் மாலுமியைத் தேடிப் புறப்பட்ட இரண்டு பிரெஞ்சுக் கப்பல்கள் டாஸ்மேனியாத் தீவின் தென்கோடியில் ஒரு விரிகுடாவில் தங்கியிருந்தபோது, அவற்றிலிருந்து கரையிறங்கிய லபிலார்தியேர் என்ற தாவர சாஸ்திரி, அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகும் உயரத்தில் உச்சிக்கொம்புகளில் மட்டும் பூத்து நின்ற ஒரு விருக்ஷத்தைக் கண்டு, அதன் புஷ்பத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேயாக வேண்டும் என்ற தாபத்தில், வேறு உபாயம் இல்லாமல் மரத்தையே வெட்டிச் சாய்க்கும்படி செய்தார். அதன் காய் அந்தக்கால மேலங்கிகளின் பொத்தானைப் போல இருந்தது என்று எழுதிவைத்த அவர் அதற்கு இட்ட பெயர்தான் யூக்கலிப்டஸ் குளோபுலஸ். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு மரம் போனால் தெரியாத அளவுக்கு அன்று அந்தக் கரை நெடுகிலும் அம்மரங்களே நின்றிருந்தன. ஆனால் அவ்வளவு உயரத்தில் அந்தப் பூக்கள் யாருக்காக விரிகின்றன என்பதை அவர் அறிந்துகொள்ள வழியிருக்கவில்லை. அவர் வந்தது மே மாதம். அந்தப் பூவை நம்பி வாழும் பறவைகள் தீவைவிட்டுக் கடல் கடந்து போயிருக்கும் பருவம் அது.

அந்த மரம் நமக்கு அந்நியமானதன்று. 1843-இல் கேப்டன் காட்டன் என்ற ஆங்கிலேயர் உதகைக்குக் கொண்டுவந்து நட்டதிலிருந்து, நீலகிரிச் சரிவுகளெல்லாம் பரவி, தைலமரம் என்றும் கற்பூரமரம் என்றும் நம் வாயில் வழங்கி, ஜலதோஷம் பிடித்த இராத்திரிகளில் பாட்டிமார் வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டு ஆவி பிடிக்கச் சொன்ன அந்த நெடிய வாசனையாக நம் குழந்தைப் பருவத்துக்குள்ளும் வந்து அமர்ந்துவிட்டது. ஆயினும், மலையை நேசிக்கிறவன் எவனும் அம்மரத்தை முழுமனத்தோடு நேசிக்க முடிந்ததில்லை. சோலைகளையும் புல்வெளிகளையும் அகற்றிவிட்டு அதை வரிசை வரிசையாக நட்டார்கள்; ஓடைகளின் நீரோட்டத்தை அது குறைப்பதை உதகைப் பகுதியில் நடந்த அளவீடுகளும் காட்டியிருக்கின்றன. அதன் நிழலில் நடக்கும்போதெல்லாம், பறவைக்குரல் அதிகம் கேளாத அந்த நிசப்தத்தை மரத்தின் ஸ்வபாவம் என்றே வெகுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன். விதையைப் பொட்டலம் கட்டிக் கப்பலில் அனுப்பிவிடலாம், வனத்தை அப்படி அனுப்ப முடியாது என்பதையும், நமக்கு வந்து சேர்ந்தது தன் உற்றார் ஒருவரும் உடன்வராத மரம் என்பதையும் எனக்கு உணர்த்தியது, நான் நேரில் பார்த்தேயிராத ஒரு கிளி.

ஆங்கிலத்தில் ஸ்விஃப்ட் பேரட் என்று வழங்கும் அதற்கு நம் மொழியில் பெயர் ஏதும் இல்லாமையால், விரைகிளி என்று நானே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அலகிலிருந்து வால்நுனிவரை சுமார் 25 சென்டிமீட்டர். மேனி இளம்பச்சை, நெற்றியும் கழுத்தும் சிவப்பு, உச்சந்தலையில் நீலம், சிறகு விரியும்போது அடியில் மறுபடியும் ஒரு செந்நிறம். கிளிகளில் பெரும்பாலானவை பிறந்த பிரதேசத்தைவிட்டு வெகுதூரம் அகலாதவை. வருஷந்தோறும் சமுத்திரத்தைக் கடந்து போய்த் திரும்பும் கிளிகள் உலகத்தில் மூன்றே இனங்கள்தாம், மூன்றும் இதே கடலைக் கடப்பவை. விரைகிளி வசந்தத்திலும் கோடையிலும் டாஸ்மேனியாவில் மட்டுமே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. குளிர்காலம் நெருங்கியதும் சுமார் 240 கிலோமீட்டர் அகலமுள்ள பாஸ் ஜலசந்தியைத் தாண்டி விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும், சில வருஷங்களில் அதற்கும் வடக்கே குவின்ஸ்லாந்தின் தென்மூலை வரையிலும் அலைந்துவிட்டு, மறுபடி வசந்தத்தில் தீவுக்குத் திரும்புகிறது. கைக்குள் அடங்கும் அறுபது எழுபது கிராம் எடையுள்ள ஜீவன் இந்த யாத்திரையைச் செய்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம், காசிக்கு நடந்தே போய்த் திரும்பியவர்களைப் பற்றிச் சிறுவயதில் கேட்ட கதைகள் என் நினைவுக்கு வருகின்றன.

இந்த யாத்திரை முழுவதற்கும் கட்டுச்சோறு பூந்தேன். அதன் நாக்கு, விதையைக் கொறிக்கும் கிளிகளின் நாக்கைப் போலன்றி, நுனியில் தூரிகைபோல் இழையிழையாகப் பிரிந்து தேனைத் துடைத்தெடுக்க ஏற்றதாய் அமைந்திருக்கிறது. இலைகளின்மேல் சில சிறு பூச்சிகள் சர்க்கரைப் பாகால் கட்டிக்கொள்ளும் லெர்ப் என்ற கூரைகளையும் அது சுரண்டித் தின்னும். ஆயினும் கூடுகட்டும் காலத்தில் அதன் ஜீவாதாரம் இரண்டே மரங்கள்: நம் தைலமரமாகிய நீலப்பசைமரம் ஒன்று, தாழ்ந்த ஈரநிலங்களில் வளரும் கரும்பசைமரம் மற்றொன்று. பின்னது நின்ற பூமி நல்ல விளைநிலமாதலால் குடியேறியவர்களின் கலப்பைக்கு முதலில் இரையாயிற்று. முன்னது தீவின் கிழக்கிலும் தென்கிழக்கிலும், பெரும்பாலும் கடற்காற்று எட்டும் தூரத்துக்குள், ஒடுங்கிய ஒரு கரையோர நாடாவாகவே இயற்கையில் வளர்கிறது. ஊரும் சாலையும் மேய்ச்சல் நிலமும் மரத்தொழிலும் விரும்பிய நிலமும் அதுவே.

இங்கேதான் விஷயத்தின் நுட்பம் இருக்கிறது. நீலப்பசைமரம் வருஷந்தவறாமல் ஒரே அளவாகப் பூப்பதில்லை. இந்த வருஷம் கரையை ஒட்டிய புரூனித் தீவில் குன்றுக்குக் குன்று வெண்ணிறமாகப் பூத்துச் சொரியும். அடுத்த வருஷம் அங்கே ஒரு கொத்தும் இராது, வடக்கே மரியா தீவிலோ கிழக்குக் குன்றுகளிலோ பூத்திருக்கும். பிறகு மூன்று நான்கு வருஷங்கள் எங்குமே அற்பமாகப் பூத்துவிட்டு, ஒரு வருஷம் மறந்தே போன ஒரு மூலையில் திரளாகப் பூக்கும். அதற்குப் பஞ்சாங்கம் எழுத எவராலும் இயலவில்லை. விரைகிளியோ தான் பிறந்த மரத்தைத் தேடித் திரும்பும் பறவையன்று. கடலைக் கடந்து வந்து, எங்கே பூத்திருக்கிறதென்று கரை நெடுகத் தேடி, கண்ட இடத்தில் கூட்டமாக இறங்கி, அந்த இடத்துக்கு அருகே பொந்து கிடைத்தால்தான் முட்டையிடும். பூ இருந்து பொந்து இல்லாவிட்டாலும் வீண். பொந்து இருந்து பூ இல்லாவிட்டாலும் வீண். இரண்டும் ஒரே வருஷத்தில் ஒரே இடத்தில் கூடிவர வேண்டும்.

பூவைப் பற்றியாவது இன்னொரு வருஷம் பூக்கும் என்று ஆறுதல் கொள்ளலாம்; பொந்து அப்படிப்பட்டதன்று. ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தி கிடையாது. அங்கே மரத்தைக் குடைந்து வீடமைத்துக் கொடுக்கும் தச்சன் காலம் ஒருவனே. ஒரு கிளை புயலில் முறிந்து, அந்த முறிவில் பூஞ்சை நுழைந்து, கறையான் உள்மரத்தை மெல்லத் தின்று, எப்போதோ வந்த தீ அதைக் கருக்கி அகலப்படுத்தி, இப்படி நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கும் வேலையின் முடிவில்தான் ஒரு கிளி புகும் வாயும் அது அமரும் அறையும் உண்டாகின்றன. தாய்ப்பறவை பெரும்பாலும் நான்கு முட்டையிட்டு அடைகாக்கும் அந்தச் சிறு இருட்டறைக்கு அஸ்திவாரம் போட்டது நம் கொள்ளுப்பாட்டனார் காலத்துக்கும் முந்திய ஒரு புயலாக இருக்கலாம். வெட்டிய இடத்தில் மறுபடியும் நட்டுவிட்டோம் என்று சொல்லும் நல்லவர்களைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அவர்கள் நட்டதும் உண்மை, அது வளர்வதும் உண்மை. ஆனால் காகிதக்கூழுக்காக நடும் மரத்தைப் பத்துப் பதினைந்து வருஷங்களில் அறுத்துவிடுகிறார்கள். அந்த மரத்துக்குப் பொந்து விழ அவகாசம் இல்லை. மரத்தை நடலாம், முதுமையை நட முடியாது. மட்கிப் பொந்து விழுந்த கிழமரமே விறகுக்கும் நல்லதாகத் தோன்றுவதால், குளிருக்கு அடுப்பு மூட்டுவதற்காகத் திருட்டுத்தனமாக அறுத்துச் செல்லும் வழக்கமும் அங்கே இருந்துவருகிறது. நின்றபடியே செத்துப்போன மரத்தை எடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைக்கிறவனுக்கு, அதுதான் அந்த வனத்திலேயே அதிக ஜீவன்களைத் தாங்கும் மரம் என்று யார் சொல்லிப் புரியவைப்பது?

கடலுக்கு அப்பால் குளிர்கால நாட்டிலும் கதை வேறல்ல. விக்டோரியாவின் உள்நாட்டில் இரும்புப்பட்டை மரங்களும் பெட்டிமரங்களும் நிறைந்திருந்த காடுகளின் பெரும்பகுதி 1850களின் பொன்வேட்டையில் தொடங்கி விழுந்துவிட்டது. உள்நாடு வறண்டு பூக்காத வருஷங்களில் கிளிகளுக்குப் புகலிடம் நியூ சவுத் வேல்ஸின் கடற்கரைத் தாழ்நிலத்துச் சதுப்பு மகாகனி மரங்களும் புள்ளிப்பட்டை மரங்களுமே. வீடு கட்ட எல்லோரும் விரும்புவதும் அந்தக் கடற்கரையைத்தான். 2019-20 கோடையில் மூண்ட பெருந்தீ அந்தக் கரையோரக் காடுகளிலும் பரந்த பகுதிகளைத் தின்றது. பாதையோரத்துச் சத்திரங்கள் ஒவ்வொன்றாக இடிந்துவரும் நாட்டில் யாத்திரை எப்படி நடக்கும்?

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஏரிகளே கண்முன் வருகின்றன. மழை பொய்த்து நாலைந்து வருஷம் ஏரி வறண்டு கிடக்கும். அதன் உள்வாயில் முதலில் ஒருவர் ஆடு கட்டுவார், பிறகு ஒருவர் கம்பு விதைப்பார், பிறகு மனை பிரிப்பார்கள், பத்திரம் பதிவாகும், சாலை வரும். எவராவது, இது ஏரியாயிற்றே என்றால், தண்ணீர் எங்கே இருக்கிறது, காட்டு, என்பார்கள். தண்ணீர் இல்லாதபோதும் அந்த இடம் தண்ணீருக்கே உரியது என்பதைப் பழைய ஆயக்கட்டுக்காரர்கள் அறிந்திருந்தார்கள். வராத வருஷங்களுக்கும் சேர்த்துத்தான் அவர்கள் கரை கட்டினார்கள், கலங்கல் வைத்தார்கள். விரைகிளியின் வனமும் அப்படிப்பட்ட ஏரியே. ஒரு கூப்பில் வெட்டு ஆரம்பிக்கும் முன் தேடிப் பார்த்து, இந்த வருஷம் இங்கே கிளி இல்லை என்று ஒருவர் எழுதினால், அவர் எழுதியது பொய்யன்று. ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு, இது கிளியின் இடமில்லை என்று முடிவுகட்டுவது வறண்ட ஏரிக்குப் பட்டா கொடுப்பதைப் போன்றது. கிளி வராத ஐந்து வருஷங்களும் கிளிக்கே உரிய வருஷங்கள். ஏனென்றால் ஆறாவது வருஷம் கரை நெடுகிலும் வேறெங்கும் பூக்காமல் அங்கே மட்டும் பூத்தால், கடலைக் கடந்து களைத்து வரும் அத்தனை பறவைகளுக்கும் போக்கிடம் அந்த ஓரிடம்தான்.

சட்டம் இதை எப்படிப் பார்த்தது என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. அதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். தீவின் கிழக்குக் கரையில் வீலாங்டா என்ற காடு. அங்கே நடந்த மரவெட்டு, விரைகிளிக்கும் ஆப்புவால் கழுகுக்கும் அகன்ற பல்லுடைய ஒரு கொம்பு வண்டுக்கும் தீங்கு செய்கிறது என்று செனட்டர் பாப் பிரௌன் மாநில வனத்துறை நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தார். 2006 டிசம்பரில் நீதிபதி ஷேன் மார்ஷல், மத்திய, மாநில அரசாங்கங்கள் இரண்டும் 1997-இல் செய்துகொண்ட வன ஒப்பந்தம் இவ்வினங்களைக் காப்பதாக வாக்களித்திருக்க, காரியத்தில் அவை காக்கப்படவில்லை என்று கண்டு பிரௌனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். சில வாரங்களில், 2007-இல், இரு அரசாங்கங்களும் சேர்ந்து ஒப்பந்தத்தின் வாசகத்தைத் திருத்திவிட்டன: ஒதுக்கிவைத்த காடுகள் இருப்பதே அவ்வினங்களைக் காப்பதாகும் என்று இருதரப்பும் ஒப்புக்கொள்வதாக எழுதிக்கொண்டன. அதே வருஷக் கடைசியில் மேல்முறையீட்டில் முதல் தீர்ப்பு தள்ளப்பட்டது. ஒதுக்குக்காடுகளை ஏற்படுத்தியதே ஒப்பந்தம் கேட்ட பாதுகாப்பு, அவை உண்மையில் காக்கின்றனவா என்று நீதிமன்றம் ஆராய வேண்டியதில்லை என்பது அதன் சாரம். 2008-இல் உச்ச நீதிமன்றம் அதற்குமேல் கேட்க அனுமதிக்கவில்லை. சட்டப் புலமையில் அந்தத் தீர்ப்பைக் குறைகாண எனக்குத் தகுதியில்லை. ஆனால் ரக்ஷணை என்ற சொல்லுக்கு ரக்ஷிப்பது என்ற அர்த்தம் இல்லாமற்போகும்போது, அந்தச் சொல்லை நம்பி இருக்கும் வாயில்லா ஜீவன் எந்த மன்றத்தின் படியேறும் என்ற துக்கம் எனக்கு ஆறவில்லை. இடம் மாறி மாறிப் பூக்கும் மரத்தை நம்பிய பறவைக்கு, வரைபடத்தில் கோடுபோட்டு இதற்குள் இரு என்று சொல்வது எப்படிப் போதும்?

இதற்குள் மற்றொரு கஷ்டமும் வெளிப்பட்டது. ஆராய்ச்சியாளர்கள் கூடுகளுக்கு அருகே காமிராக்களை வைத்தபோது, இராத்திரியில் பொந்துக்குள் புகுந்து முட்டையையும் குஞ்சையும் அடைகாக்கும் தாயையும் கொன்று தின்னும் பிராணி ஒன்று தெரியவந்தது. சுகர் கிளைடர் என்ற, கைக்கும் காலுக்கும் இடையிலுள்ள தோலை விரித்து மரத்துக்கு மரம் காற்றில் மிதந்து தாவும், பார்க்கப் பரமசாதுவான ஒரு சிறு பைவிலங்கு அது. 1830களில் கடலுக்கு அப்பாலிருந்து மனிதர்கள் வளர்ப்பதற்காகக் கொண்டுவந்ததாகக் கருதப்படுகிறது. தாய் மட்டுமே பொந்தில் அடைகாப்பதால் சாவது தாயே. ஆண்கள் மிகுந்து பெண்கள் அருகிவிட்டன. புரூனித் தீவிலும் மரியா தீவிலும் இப்பிராணி இல்லை. அங்கே பூக்கும் வருஷங்களில் மட்டும் குஞ்சுகள் நன்றாகப் பிழைக்கின்றன. இந்த இழப்பைக் கணக்கிட்டுப் பார்த்தபிறகே 2015-இல் சர்வதேசப் பட்டியலிலும் 2016-இல் ஆஸ்திரேலியச் சட்டத்திலும் விரைகிளி அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாக அறிவிக்கப்பட்டது. இன்று எஞ்சியிருப்பவை ஆயிரத்துக்கும் குறைவு. சில நூறுகளே என்பாரும் உண்டு.

கொலைகாரன் அகப்பட்டுவிட்டான், இனி மரம் வெட்டுகிறவனை நோவதில் நியாயம் இல்லை என்று ஒரு வாதம் உடனே எழுந்தது. அது பொருந்தவில்லை. கூட்டைச் சுற்றி முதிர்ந்த காடு எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குக் கூடுகள் தப்புகின்றன என்பதையும் அதே ஆராய்ச்சியே கண்டது. காடு குறையக் குறையப் பொந்துகளும் குறைந்து, கிளியும் அந்தப் பிராணியும் மிச்சமிருக்கும் சில கிழமரங்களிலேயே ஒன்றையொன்று சந்திக்கும்படி ஆகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பிராணியின்மேல் எனக்குக் கோபம் இல்லை. கப்பலேறித் தானாக வந்ததன்று அது. நீலகிரியில் நிற்கும் தைலமரத்தைப் போலவே அதுவும் மனிதக் கையால் இடம்பெயர்ந்த ஜீவன்.

தற்காலிகமாக மனிதர்கள் செய்யும் உதவிகளைக் கேள்விப்படும்போது நெஞ்சு நெகிழ்கிறது. பொந்துக்குப் பதிலாக மரப்பெட்டிகளைச் செய்து, பூத்திருக்கும் இடம் தெரிந்ததும் அவசரமாகச் சுமந்துபோய்க் கயிறுகட்டி மரமேறிப் பொருத்துகிறார்கள். வெளிச்சத்தை உணர்ந்து அந்தியில் தானே சாத்திக்கொண்டு விடியலில் தானே திறக்கும் ஒரு சிறு கதவையும் வாயிலில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இரவெல்லாம் தாய் உள்ளே பத்திரமாக இருக்க, பகைவன் வெளியே நிற்கிறான். ஹோபார்ட் நகரத்து வீடுகளில், வேகமாக வரும் கிளி கண்ணாடி ஜன்னலை வானமென்று எண்ணி மோதிச் சாகாமலிருக்கத் திரைகளும் கோடுகளும் இடுகிறார்கள். 2023-இல் ஆஸ்திரேலியர்கள் வாக்களித்து இதை அவ்வருஷத்தின் பறவையாகத் தேர்ந்தார்கள். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் பெட்டி பத்து வருஷத்தில் மட்கும், கதவின் எந்திரம் பழுதாகும், அதை ஏற்றி இறக்க ஒரு தலைமுறை மனிதர்கள் தங்கள் முதுகைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நூறு வருஷத்துக் கிழமரமோ யாருடைய சம்பளமும் இன்றி அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இந்த மரக்குலத்துக்கே பெயர் கிடைத்தது புரூனித் தீவினால்தான். 1777-இல் கேப்டன் குக்கின் மூன்றாம் பிரயாணத்தின்போது அத்தீவின் ஒரு விரிகுடாவில் பறித்த கிளையொன்று லண்டனுக்குப் போய், நன்றாக மூடப்பட்டது என்று பொருள்படும் யூக்கலிப்டஸ் என்ற நாமத்தைப் பெற்றது. அந்தக் கரையின் பூர்வகுடிகளிடமிருந்து நிலத்தைப் பறித்த கொடுமை அதன்பின் நடந்தது. அவர்கள் தீவுக்கு வழங்கிய லுனவன்னா அலொன்னா என்ற பெயர் இரண்டு துண்டாகி இரண்டு ஊர்களின் பெயராக இன்றும் அங்கே இருக்கிறது. யூக்கலிப்டஸ் என்ற பெயருக்குக் காரணம் மொட்டின்மேல் இருக்கும் மூடி. அது கழன்று விழுந்த பின்னரே உள்ளிருந்து கேசரங்கள் விரிந்து தேன் சுரக்கும். ஆகவே மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் மூடிகள், நூறடி உயரத்தில் பூத்திருப்பதற்குக் கீழே கிடைக்கும் சாட்சி.

ஒவ்வொரு செப்டம்பரிலும் சிலர் கரை நெடுகக் குன்றுக்குக் குன்று போகிறார்கள். வண்டியை நிறுத்தி இறங்கி, மரத்தடியில் குனிந்து மூடி கிடக்கிறதா என்று பார்த்து, பிறகு தூரதரிசினியைக் கண்ணில் வைத்து உச்சிக்கொம்புகளை அண்ணாந்து நெடுநேரம் பார்த்துக் கீச்சுக்குரலுக்குக் காது கொடுத்து நிற்கிறார்கள். பல இடங்களில் பூவும் இராது, பறவையும் இராது. இல்லை என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, மரத்தை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த குன்றுக்குப் புறப்படுகிறார்கள். மறுவருஷம் அதே மரத்தடிக்கு மறுபடியும் வருவார்கள்.